வயதான பெற்றோரும் வின்ரரும்: வீட்டுப் பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரொறன்ரோப் பகுதியில் உள்ள ஸ்காபரோ, மார்க்கம் ஆகிய இடங்களில் பதினைந்து வின்ரர்களாக வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறேன். இங்கே எல்லோரும் சொல்வதுபோல, நான் ஒரு பி.எஸ்.டபிள்யூ (பேர்சனல் சப்போர்ட் வேர்க்கர்). நவம்பர் பிறந்துவிட்டால் பிள்ளைகள் என்னை வாசலில் மறித்துக் கேட்கும் கேள்விகள் வீட்டுக்கு வீடு பெரிதாக மாறுவதில்லை. அவர்கள் வேலைக்கு ஓடும் அவசரத்தில் கேட்பார்கள், நான் அடுத்த வீட்டுக்கு ஓடும் அவசரத்தில் பாதி சொல்லிவிட்டுப் போவேன். மீதிப் பாதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. மருந்து பற்றிய விஷயங்களைக் குடும்ப வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மா வின்ரரில் வெளியே கால் வைப்பதே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருப்பவருக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?

நான் பார்த்த வின்ரர் ஆபத்துகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள் வந்தவைதான்.

வயது போகப் போக உடம்பு குளிரைச் சரியாக உணராது. தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பு குறைந்துவிடும். இளையவர் நடுங்கும் குளிரில் எண்பது வயதுக்காரருக்கு நடுக்கமே வராமல் போகலாம். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு, சில நித்திரைக் குளிசைகள் எல்லாம் இதை இன்னும் மோசமாக்கும். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது அவசர நிலை. அதற்குப் பனியில் போய் நிற்க வேண்டும் என்றில்லை. சூடு குறைந்த ஒரு பேஸ்மென்ட் அறையில், மெல்லிய சோட்டியோடு, பகல் முழுக்க அசையாமல் கதிரையில் இருந்தாலும் வரலாம்.

ஒரு அம்மம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். மகனும் மருமகளும் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அவர்களுடைய கார் தெருமுனையைத் தாண்டியதும் இவர் ஹீற்றைக் குறைத்துவிடுவார். "எனக்கு ஒருத்திக்காக ஏன் பிள்ளை வீடு முழுக்கச் சூடு?" என்பார். மாலை ஐந்தரைக்கு மறுபடியும் கூட்டிவிடுவார். ஆறு மணிக்கு வரும் மகனுக்கு வீடு எப்போதும் கதகதப்பாகத்தான் இருந்திருக்கிறது. நான் ஒருநாள் காலை பத்தரைக்குப் போனபோது தேர்மோஸ்ராற்றில் 16 என்று இருந்தது. அவருடைய விரல்கள் விறைத்து, சோட்டிப் பொத்தானைப் போட முடியவில்லை. பேச்சும் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. மூன்று வின்ரர்களாக இப்படித்தான் செய்து வந்திருக்கிறார். மகன் அன்று தொலைபேசியில் அழுதுவிட்டார்.

பிள்ளைகள் பார்ப்பது காலை ஆறு மணி அம்மாவையும் மாலை ஆறு மணி அம்மாவையும். இடையில் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. வீட்டுப் பராமரிப்பால் எவ்வளவோ பயன் உண்டு. எனக்குத் தெரிந்து பெரிய பயன், அந்த இடைநேரத்தில் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதுதான்.

வீட்டுக்கு வரும் பி.எஸ்.டபிள்யூ உண்மையில் என்ன செய்வார்?

ஆவணத்தில் இருப்பது இவ்வளவுதான்: குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, பல் துலக்குவது, வாஷ்ரூமுக்கு அழைத்துப் போவது, படுக்கையிலிருந்து எழுப்பி நடத்துவது, சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுப்பது, குளிசையை நினைவூட்டுவது. ஊசி போடுவதும் புண்ணுக்கு மருந்து கட்டுவதும் தாதியின் வேலை. பனி தள்ளுவது எங்கள் வேலை அல்ல. அதை எதிர்பார்த்து மனஸ்தாபம் வேண்டாம்.

ஆவணத்தில் இல்லாத வேலை ஒன்று உண்டு. வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே அது தொடங்கிவிடும். வாசற்படியில் ஐஸ் இருக்கிறதா? தபால் எடுக்கப்படாமல் கிடக்கிறதா? உள்ளே போனதும் மூக்கில் என்ன மணக்கிறது? தேர்மோஸ்ராற் என்ன காட்டுகிறது? ஃபிரிட்ஜைத் திறந்தால் நேற்று வைத்த சோறு அப்படியே இருக்கிறதா? பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டே "எப்படி இருக்கிறீங்கள் அம்மா?" என்று கேட்பேன். வார்த்தையில் "நல்லா இருக்கிறேன்" என்றுதான் வரும். கை சொல்வது வேறாக இருக்கும்.

மேஸைக் கழற்றிக் காலைப் பார்ப்பதை நான் ஒருநாளும் விடுவதில்லை. நீரிழிவு உள்ளவருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும். வின்ரர் முழுக்க மேஸுக்குள் இருக்கும் குதிக்கால் வெடித்து, புண்ணாகி, மணம் வரும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். கொப்புளமோ நிற மாற்றமோ கண்டால் அன்றைக்கே குடும்பத்துக்கும் மேற்பார்வையாளருக்கும் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருபவர் கால் பார்க்காவிட்டால் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இதை யார் ஒழுங்கு செய்து தருவார்கள்? காசு கட்ட வேண்டுமா?

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அரசாங்கச் செலவிலான வீட்டுப் பராமரிப்பை ஒழுங்கு செய்வது ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம் என்ற நிறுவனம். முன்பு 14 பிராந்திய அமைப்புகளாக இருந்தவை 2024 ஜூன் 28 முதல் இந்த ஒரே நிறுவனமாகிவிட்டன. 310-2222 என்று அழைத்தால் போதும். பகுதிக் குறியீடு தேவையில்லை. வைத்தியரின் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், நீங்களே அழைக்கலாம். செல்லுபடியாகும் ஓஹிப் அட்டை, அதாவது மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி அட்டை, இருக்க வேண்டும். தகுதி பெற்றால் பி.எஸ்.டபிள்யூ, தாதி, உடற்பயிற்சி சிகிச்சையாளர், வீட்டில் எங்கே கைபிடி போட வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் சிகிச்சையாளர் என எவர் வந்தாலும் கட்டணம் இல்லை.

முதலில் ஒரு ஒருங்கிணைப்பாளர் வந்து மதிப்பீடு செய்வார். எங்கள் குடும்பங்கள் தோற்றுப்போகும் இடம் இதுதான். வெள்ளைக்காரப் பிள்ளை கையில் கணினியோடு வந்து உட்கார்ந்தவுடன் எங்கள் அம்மாக்கள் நிமிர்ந்துவிடுவார்கள். "குளிக்க முடியுமா?" "ஓம், நானே குளிப்பேன்." "சமையல்?" "நானே." நல்ல சீலை உடுத்தி, தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். ஒருங்கிணைப்பாளர் கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டு போவார். கிடைப்பது வாரத்தில் ஒரு குளியல், சில வேளை அதுவும் இல்லை. மானத்தோடு வாழ்ந்த மனிதர்கள், முன்பின் தெரியாதவரிடம் இயலாமையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் மதிப்பீட்டு நாளன்று ஒரு பிள்ளை கட்டாயம் கூட இருங்கள். கடந்த வின்ரரில் எத்தனை தடவை விழுந்தார், இரவில் எத்தனை தடவை எழும்புகிறார், கடைசியாக எப்போது முழுகினார் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அம்மாவின் முன்னால் சொல்ல மனம் வராவிட்டால் ஒருங்கிணைப்பாளரைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

ஒக்டோபரிலேயே அழைத்துவிடுங்கள். முதல் பனி விழுந்த பிறகு அழைப்பவர்கள் அதிகம்.

பெற்றோர் சூப்பர் விசாவில் (பிள்ளைகளிடம் நீண்ட நாள் வந்து தங்கும் விசா) வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. சூப்பர் விசாவில் வருபவர்களுக்கு ஓஹிப் இல்லை. அவர்கள் கட்டாயம் எடுத்திருக்க வேண்டிய, குறைந்தது 100,000 டொலர் காப்புறுதி அவசர சிகிச்சைக்கானது. கையிலிருந்து காசு கொடுத்து வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரமாவது தனியார் உதவி எடுக்கலாம். அதுவும் முடியாவிட்டால் 211-ஐ அழைத்து, அருகில் உள்ள முதியோர் நிலையங்களையும் தன்னார்வ உதவிகளையும் விசாரியுங்கள். 211-இல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தமிழ் பேசும் ஒருவரைக் கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள். உத்தரவாதம் தரமாட்டார்கள், ஆனால் ஸ்காபரோவில் இந்த வேலை செய்யும் தமிழர் நிறையப் பேர். அப்படி அமையாவிட்டால் ஒரு மட்டையில் "நோகுதா?", "குளிருதா?", "தண்ணி வேணுமா?" என்று தமிழிலும், வருபவர் வாசிக்கும்படி அந்த உச்சரிப்பை ஆங்கில எழுத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி அந்த மட்டையைப் பார்த்து "குளிருதா அம்மா?" என்று கேட்கப் பழகி, அந்த வீட்டில் என்னைவிடச் செல்லமாகிவிட்டாள்.

அப்பா வின்ரர் வந்தால் குளிக்க மறுக்கிறார். என்ன செய்யலாம்?

அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஈர உடம்போடு வாஷ்ரூமிலிருந்து அறைக்கு நடக்கும் அந்த ஒரு நிமிடக் குளிர் அவருக்குத் தண்டனை. பாத் ரப்புக்குள் காலைத் தூக்கி வைக்கும்போது வரும் பயம் இன்னொன்று. பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு "குளிர்" என்று சொல்லும் ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் செய்வது இதுதான். முதலில் வாஷ்ரூமைச் சூடாக்குவேன். கதவைச் சாத்திச் சுடுதண்ணிக் குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டால் ஆவியிலேயே அறை சூடாகிவிடும். துவாயையும் மாற்றுடுப்பையும் முன்கூட்டியே உள்ளே கொண்டுபோய் வைப்பேன். ரப்புக்குள் கதிரை, கையில் பிடித்து ஊற்றும் ஷவர், சுவரில் திருகாணியால் இறுக்கிய கைபிடி, இந்த மூன்றும் இல்லாத வீட்டில் குளிக்க வார்ப்பதற்கே எனக்குத் தயக்கம். துவாய் கொழுவும் கம்பி கைபிடி அல்ல. அதைப் பிடித்துக்கொண்டு சுவரோடு பிய்த்து விழுந்தவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரை முதலில் காலில் ஊற்றி, பிறகு மேலே வருவேன். தலை கடைசியில். ஒரு தோளில் எப்போதும் துவாய் இருக்கும்.

தினமும் குளிக்க வேண்டும் என்றில்லை. வாரம் இரண்டு தடவை போதும், மற்ற நாட்களில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துடைத்துவிடலாம். ஹீற்றர் காற்றில் தோல் வரண்டு சொறிவதற்கு அடிக்கடி சுடுதண்ணீரில் குளிப்பதும் ஒரு காரணம்.

எண்ணெய் முழுக்கு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகிப் பழகிய தலைமுறை அது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் கிணற்றடிச் சீமெந்து வேறு, இங்கே இருக்கும் வழுவழுப்பான ரப் வேறு. எண்ணெய் பட்ட ரப் ஐஸைவிட மோசம். அதனால் எண்ணெயைத் தலைக்கு மட்டும், வெளியே கதிரையில் இருத்தி வைத்துத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்துவிட்டு உள்ளே கூட்டிப் போவேன். உடம்புக்குக் குளித்து முடித்த பிறகு, படுக்கையில் இருத்திப் பூசுவேன். உள்ளங்காலில் மட்டும் பூசுவதில்லை.

விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கனடாவில் 65 வயதைக் கடந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் வருடத்தில் ஒரு தடவையாவது விழுகிறார்கள். அவற்றில் ஏறக்குறைய பாதி வீட்டுக்குள் நடக்கிறது.

வீட்டுக்குள் வின்ரரில் கூடுதலாகச் சேர்வது வாசலடி ஈரம். பேரப்பிள்ளைகளின் பூட்ஸிலிருந்து உருகிய பனி ரைல்ஸில் நிற்கும். அம்மா மேஸோடு அதில் கால் வைப்பார். வாசலில் விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்றை வைத்து, பூட்ஸ் எல்லாவற்றையும் அதற்குள் வைக்கப் பழக்குங்கள். வெறும் மேஸோடு நடக்க விடாதீர்கள், பின்பக்கம் மூடிய, அடியில் ரப்பர் உள்ள வீட்டுச் சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஆட்கள் விரும்பும் ரப்பர்ச் செருப்பு மேஸோடு சேராது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். படிக்கட்டிலும் வாஷ்ரூம் வழியிலும் தானாக எரியும் சிறு விளக்குகளைச் செருகிவிடுங்கள், மின்சாரம் மிச்சம் பிடிக்க அவர்கள் சுவிட்சைத் தொட மாட்டார்கள்.

வெளியே போவதற்குச் சப்பாத்துத்தான் முக்கியம். ரொறன்ரோ மறுவாழ்வு நிலையத்தின் ஆய்வுப் பிரிவு வின்ரர்ச் சப்பாத்துகளை உண்மையான ஐஸ் சரிவில் ஆட்களை நடக்கவைத்துச் சோதித்து, பனித்துகள் சின்னங்களால் மதிப்பெண் கொடுக்கிறது. 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நடந்தால் ஒரு சின்னம், 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. பலர் விரும்பி வாங்கும் விலை கூடிய பூட்ஸ்கள் ஒரு சின்னம்கூடப் பெறாமல் போயிருக்கின்றன. 'ரேற் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் பட்டியல் வரும். கடையில் விலையையும் உரோமத்தையும் பார்த்து வாங்காதீர்கள்.

சப்பாத்துக்கு மேல் மாட்டும் இரும்பு முள் உள்ள ரப்பர் பட்டை ஐஸுக்கு நல்லது. ஆனால் அதோடு கடைக்குள்ளோ வைத்தியர் கட்டடத்துக்குள்ளோ போனால் ரைல்ஸில் சறுக்கிவிடும். உட்கார்ந்து கழற்ற முடியாதவருக்கு அது வேண்டாம். பொல்லு பிடிப்பவருக்கு நுனியில் மடித்து விரிக்கும் ஐஸ் முள் பூட்டலாம். சீலையோ வேட்டியோ உடுத்தினால் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். ஈரமான சீலைக்கரை காலைச் சுற்றிவிடும்.

திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

கூட்டிக்கொண்டு போங்கள். மார்கழியில் பத்து நாளும் வீட்டில் அடைத்து வைத்தால் அவருக்கு அந்த வருடமே நடக்காத மாதிரி.

எல்லா நாளும் விடியப்புறம் போக வேண்டும் என்றில்லை. கடைசி நாளுக்கும், நடுவில் ஒரு நாளுக்கும் போகலாம். ஆபத்து இரண்டு இடத்தில்: கார் நிறுத்துமிடத்திலும் சப்பாத்துக் கழற்றும் இடத்திலும். வாசலில் இறக்கிவிட்டு, ஒருவர் கூட நிற்க, மற்றவர் காரை நிறுத்தட்டும். சப்பாத்துக் கழற்றும் இடத்தில் எப்போதும் உருகிய தண்ணீர் நிற்கும். அங்கேயே மேஸ் நனைந்து, அந்த ஈர மேஸோடு இரண்டு மணி நேரம் நிற்பார்கள். அடியில் ரப்பர்ப் புள்ளி உள்ள மேஸ் ஒரு சோடியைக் கைப்பையில் கொண்டுபோய், ஈரத்தைத் தாண்டியதும் மாற்றிவிடுங்கள். இருப்பதற்கு மடிப்புக் கதிரை கேட்டு வாங்குங்கள்.

காற்றோடு சேர்ந்த குளிர் மறை 28-ஐத் தொட்டால் திறந்திருக்கும் தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். பூசையை நேரலையில் காட்டும் கோயில்கள் உண்டு, சாமியறையில் ரப்லெற்றை வைத்து விடுங்கள்.

ஹீற்றர், சுடுதண்ணிப் பை, மின்போர்வை எல்லாம் கொடுக்கலாமா?

சிறிய மின் ஹீற்றர் என்றால் கட்டில், திரைச்சீலை, சீலை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஒரு மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். சுவர்ச் செருகியில் நேரடியாகச் செருக வேண்டும், நீட்டிப்பு வயரில் அல்ல. சாய்ந்தால் தானாக அணையும் வகையாக இருக்கட்டும். நித்திரையில் ஓடக் கூடாது. நீரிழிவால் கால் மரத்தவருக்குச் சுடுதண்ணிப் பையும் மின்போர்வையும் வேண்டாம். சுட்டது தெரியாமலே தோல் வெந்துவிடும். அவருக்கு மெல்லிய உடுப்பு இரண்டு மூன்றாகப் போட்டு, மேலே ஒரு கம்பளிச் சால்வை, தலைக்கு ஒரு தொப்பி, அவ்வளவு போதும்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை கார்பன் மொனொக்சைட். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, குமட்டல், சோர்வு என்று காய்ச்சல் மாதிரித் தொடங்கும். வயதானவருக்கு "தடிமன் போல" என்று வேர்க்கொம்புக் கோப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் படுக்கச் சொல்லிவிடுவோம். படுத்தவர் எழும்ப மாட்டார். எரிவாயு பேர்னஸ் உள்ள வீடுகளில் வெளிச்சுவரில் ஒரு பிளாஸ்ரிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய பனி பெய்த நாளில் அது புதைந்துவிடும். பாதை தள்ளும்போது அந்தக் குழாயையும் சுற்றித் துப்புரவு செய்யுங்கள். நித்திரை கொள்ளும் அறைகளுக்கு அருகே இதற்கான அலாரம் வைப்பது ஒன்ராறியோவில் சட்டம். அம்மாவுக்குக் காது மந்தமென்றால் வெளிச்சமும் அடிக்கும் வகையை வாங்குங்கள்.

தைப்பொங்கல் அன்று வெளியே மறை 15 என்றால் கராஜ் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உள்ளே கரி அடுப்பிலோ காஸ் அடுப்பிலோ பானை வைக்கும் ஆசை வரும். தயவுசெய்து செய்யாதீர்கள். கராஜின் புகை வீட்டுக்குள்தான் வரும், முதலில் பாதிக்கப்படுவது மேல் அறையில் இருக்கும் அம்மம்மா. குசினியில் பொங்குங்கள், சூரியனுக்குக் கண்ணாடி வழியாகப் படையுங்கள்.

வாடகை வீட்டில் சூடு போதவில்லை. வீட்டுக்காரர் கவனிக்கவில்லை.

ரொறன்ரோ நகரச் சட்டப்படி குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை இருக்க வேண்டும். முதலில் எழுத்தில் கேளுங்கள், நடக்காவிட்டால் நகரசபையின் எண்ணான 311-ஐ அழையுங்கள். ஸ்காபரோவும் ரொறன்ரோ நகரத்துக்குள்தான். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து பெற்றோரே குறைக்கிறார்கள் என்றால், வருமானம் குறைந்த வீடுகளுக்கு ஒன்ராறியோ மின்கட்டண உதவித் திட்டம் உண்டு. பில்லிலேயே மாதாமாதம் கழித்துத் தருவார்கள்.

சாப்பாடு, தண்ணீர், விற்றமின்?

குளிரில் தாகம் தெரியாது, ஹீற்றர் காற்றோ உடம்பை உலர்த்திவிடும். போதாததற்கு, எழும்பி வாஷ்ரூம் போகப் பயந்து பலர் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். தண்ணீர் குறைந்தால் தலைசுற்றும், மலச்சிக்கல் வரும், சிறுநீரில் கிருமி வரும், திடீர்க் குழப்பமும் வரும். "குடியுங்கள்" என்று சொன்னால் நடக்காது. காலையில் ஒரு பிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணியோ இளஞ்சூட்டு வெறும் தண்ணியோ நிரப்பிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து, மாலையில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

இங்கே வின்ரர் வெயிலில் விற்றமின் டி கிடைக்காது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் தினம் 400 அலகு குளிசையாக எடுப்பது கனடாவின் பரிந்துரை. எழுபதைக் கடந்தவருக்கு உணவும் குளிசையுமாக மொத்தம் 800 தேவை. எங்கள் நிறத்துத் தோலுக்கு வெயில் இன்னும் கூடத் தேவை என்பதால் அளவை வைத்தியரிடம் கேளுங்கள். குளிருக்கு ஒரு மிடறு பிரண்டி கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது உடம்புச் சூட்டை வெளியே தள்ளிவிடும், கொடுக்க வேண்டாம்.

தடுப்பூசி?

காய்ச்சல் (ஃப்ளூ) தடுப்பூசி ஒன்ராறியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லோருக்கும் இலவசம். 65-ஐக் கடந்தவருக்குக் கூடிய வலுவுள்ள வகை உண்டு, கேட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் போடுங்கள். பாடசாலையிலிருந்து கொண்டுவரும் பேரன்தான் அம்மம்மாவுக்குக் கொடுக்கிறான்.

பனிப்புயல் அன்று பி.எஸ்.டபிள்யூ வராவிட்டால்?

வராத நாட்கள் இருக்கும். பஸ் இரண்டு மாறி, நான்கு வீடு போகும் வேலை இது. நான் ஒருமுறை பாதி வழியில் இரண்டு மணி நேரம் நின்று திரும்பியிருக்கிறேன். இன்னொருமுறை நான் வரமுடியாது என்று அறிவித்தும், வேலை செய்த நிறுவனம் குடும்பத்துக்குச் சொல்லவில்லை. படுக்கையில் இருந்த ஐயா மதியம்வரை நனைந்த உடுப்போடு கிடந்தார். அது இன்றுவரை என் நெஞ்சில் இருக்கிறது.

அதனால் நவம்பரிலேயே நிறுவனத்திடம் கேளுங்கள்: ஆள் வராவிட்டால் யாருக்கு, எத்தனை மணிக்குள் அறிவிப்பீர்கள்? மாற்று ஆள் உண்டா? படுக்கையில் இருப்பவர், ஒட்சிசன் எடுப்பவர், தனியாக வாழ்பவர் என்றால் அதைக் கோப்பில் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு திறப்பை நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுங்கள், தமிழராக இருக்க வேண்டும் என்றில்லை.

மின்சாரமும் போகலாம். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் இலட்சக்கணக்கான வீடுகள் இருட்டில் கிடந்தன, சில வீடுகளுக்கு நத்தார் தாண்டியும் வரவில்லை. பற்றரி விளக்கு, ஒரு வாரக் குளிசை, சமைக்காமல் சாப்பிடக் கூடியவை, தண்ணீர், கைப்பேசிக்கு மின்கலம், தடித்த போர்வை எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வையுங்கள். மெழுகுதிரி வேண்டாம். வீடு குளிரத் தொடங்கினால் இரவாகும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்கு வெளிச்சத்தோடு கூட்டிப் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு மறதி நோய். இரவில் எழும்பி "ஊருக்குப் போகிறேன்" என்று கதவைத் திறக்கிறார்.

வின்ரரில் இதைவிட அவசரமான விஷயம் கிடையாது. சோட்டியோடும் செருப்போடும் மறை 20-இல் வெளியே போனவருக்கு நேரம் மிகக் குறைவு.

கதவு திறந்தால் ஒலிக்கும் சிறு கருவி மலிவானது, இன்றைக்கே வாங்கிப் பூட்டுங்கள். வெளிச் சப்பாத்தையும் கோட்டையும் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள், பார்த்தால் போகும் எண்ணம் வரும். உள்ளே அடைத்துப் பூட்டாதீர்கள், தீ பிடித்தால் எவராலும் வெளியேற முடியாது. பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த மெடிக்அலேர்ட் வளையல் போடுங்கள். காணவில்லை என்றால் உடனே 911. முதலில் உறவினருக்கெல்லாம் போன் அடித்துப் பார்ப்போம் என்று அரை மணி நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

பகலில் அவரை உறங்க விடாமல் வைத்திருப்பது பராமரிப்பாளரால் முடிந்த உதவி. நான் ஒரு அம்மாவுக்கு வெங்காயம் உரிக்கக் கொடுப்பேன். இருபது வெங்காயம் உரித்த நாளில் இரவு நித்திரை வரும் என்று மகள் சொல்வார்.

எப்போது 911 அடிக்க வேண்டும்?

குளிர்ந்த உடம்போடு பேச்சுக் குழறினால், குழப்பமாக நடந்தால், தள்ளாடினால், எழுப்ப முடியாத தூக்கமாக இருந்தால். நடுக்கம் நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ள வேண்டாம், அது மோசமான அறிகுறியாகவும் இருக்கலாம். முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு கை விழுந்தாலோ அது பக்கவாதம், அப்போதும் 911. காத்திருக்கும்போது ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்த போர்வையால் நெஞ்சையும் கழுத்தையும் தலையையும் மூடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், சுடுதண்ணீரில் இறக்காதீர்கள். விழுந்தவர் இடுப்பு நோகுது என்றால் தூக்கி நிமிர்த்த முயல வேண்டாம்.

அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் 811. எந்த நேரமும் ஒரு தாதியோடு கதைக்கலாம்.

தனியாருக்குக் கொடுக்கும் காசில் ஏதும் திரும்பக் கிடைக்குமா?

70 வயதைக் கடந்தவர்களுக்கு வீட்டில் இருந்தபடி பராமரிப்புப் பெறுவதற்கான ஒன்ராறியோ வரிச்சலுகை உண்டு. தகுதியான மருத்துவச் செலவில் 25 சதவீதம், உச்சம் 1,500 டொலர். வருமானம் கூடக்கூட அது குறையும். பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள்.

அப்பா "வெளியாள் என் வீட்டுக்குள் வரக் கூடாது" என்கிறார்.

நிறைய அப்பாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் நாளே குளிக்க வார்க்க அனுப்பாதீர்கள். தேத்தண்ணி போட, பேப்பர் வாசிக்க, கூட நடக்க என்று தொடங்குங்கள். "உங்களுக்காக" என்றால் மறுப்பார், "நாங்கள் வேலையில் நிம்மதியாக இருக்க" என்றால் யோசிப்பார்.

ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் எனக்கு மூன்று வாரம் கதவுச் சங்கிலியைக் கழற்றவில்லை. இடைவெளியால்தான் கதைப்போம். நாலாவது வாரம் "நீ எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். என் ஊர்ப் பாடசாலையில் இரண்டு வருடம் படிப்பித்திருக்கிறார். உள்ளே வரச் சொல்லி, முதலில் ஒரு கணக்குக் கொடுத்தார். பிழையாகத்தான் செய்தேன். திருத்திக் காட்டிவிட்டு, அன்றைக்குக் கால் கழுவிவிடச் சம்மதித்தார். பெருவிரலில் ஒரு சிறிய புண் இருந்தது. மறுநாளே தாதி வந்தார்.

இப்போது நான் வரும் நாட்களில், "அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்திடும், படிக்கு உப்புப் போடு" என்று காலையிலேயே மகனை எழுப்பிச் சொல்வது அவர்தான்.